வலப்பக்கத்து பீடிங்

செப்டம்பர் 1, ஞாயிறு

கிளினிக் வாசலில் "வெள்ளையடிப்பு வேலை நடைபெறுகிறது" என்று அட்டை தொங்கவிட்டு ஒரு வாரமாகிறது. வெள்ளையடிக்க ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டால்தானே வருவார்கள். பொள்ளாச்சியில் பல்வலிக்காரர்களும் எனக்காகத் தாடையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை. ஊரில் வேறு பல் டாக்டர்கள் இருக்கிறார்கள், என்னைவிட இளையவர்கள், என்னைவிட வாய் ஓயாமல் பேசுகிறவர்கள்.

காலையில் ஷெட்டைத் திறந்து ஃபியட்டின் மேல் கிடந்த தார்ப்பாயை உருவினேன். அறுபதுகளில் வந்த வண்டி. ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கோழிகள் அடைந்து கிடந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் வாங்கி வந்தேன். இஞ்சின் வேலையும் பெயிண்டும் போன வருடமே மெக்கானிக் முடித்துக் கொடுத்துவிட்டார். பாக்கி இருப்பது அலுமினியம் மட்டும். இரண்டு பக்கமும் கதவுகளின் குறுக்கே ஓடும் நீளப் பட்டைகள், கண்ணாடிகளைச் சுற்றிய சட்டங்கள், பானெட்டின் நடுவில் ஒரு கீற்று. மெக்கானிக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து பீடிங் என்பார்கள். வெயிலும் கோழி எச்சமும் சேர்ந்து அத்தனையும் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. கோயம்புத்தூரில் கொடுத்துப் பாலிஷ் போட்டு வாங்கிவிடலாம் என்றார் மெக்கானிக். நான் கொடுக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரார் பல்லைப் பாலிஷ் போட்டவன் ஒரு வண்டியின் பல்லைப் பாலிஷ் போட மாட்டேனா?

சுகுணா காபியோடு வந்து நின்றாள். டம்ளரைக் கொடுக்கும்போதே அந்தப் பேச்சை எடுத்தாள்.

"கோயம்புத்தூர்ல ஒருக்கா காட்டீட்டு வந்தர்லாமுங்க."

"என்னத்தைக் காட்டறது?"

"கையைத்தான்."

"கைக்கு என்ன இப்ப?"

அவள் என் வலது கையைப் பார்த்தாள். நான் அதைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். பைகள் எதற்கு இருக்கின்றன?

அப்போதுதான் பந்தயம் கட்டினேன். "ஆயுத பூஜைக்குள்ள இந்த பீடிங் அத்தனையும் நானே கழட்டி, நானே தேச்சு, நானே ஏத்திக் காட்டறேன். வேறொருத்தர் கை படக் கூடாது. முடிச்சுட்டன்னா கிளினிக்கைத் தொறந்துருவேன், அந்த நரம்பு டாக்டர் பேச்சை நீ எடுக்கவே கூடாது."

"முடியலீன்னா?"

"நீ கூப்புடற எடத்துக்கு வாறேன்."

"சரிங்க," என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். சோதனை என்று சொன்னால் அவளுக்கு எப்போதும் ஓர் உற்சாகம் வந்துவிடும்.

செப்டம்பர் 4, புதன்

பட்டைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. உள்ளே சின்னச் சின்னக் கிளிப்புகள் பிடித்திருக்கின்றன. ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் பெயிண்ட் போய்விடும். பல்வேரை நெம்பி எடுக்கும் பழைய கம்பிகளைக் கொண்டுவந்து, முனையில் துணி சுற்றி நெம்பினேன். ஈறு கிழியாமல் பல்லெடுக்கிற பக்குவம்தான். ஒரு கீறல்கூட விழவில்லை.

மத்தியானம் ஜெசிந்தா வந்தாள். கிளினிக் ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு உதவிக்கு இருப்பவள். "எப்ப சார் தொறக்கறோம்? எல்லாரும் போன் மேல போன் போடறாங்க," என்றாள். வெள்ளையடிப்பு முடியட்டும் என்றேன். அவள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே சிரித்தாள். சாவி அவளிடம்தான் இருக்கிறது.

கிளினிக்கில் கடைசியாக வந்த அந்த அம்மா விஷயத்தை அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. பேசுவதற்கு என்ன இருக்கிறது? மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னால் வாய்க்குள் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியின் தண்டு அந்த அம்மாவின் பல்லில் கடகடவென்று தட்டியது. வெளியே எடுத்ததும் அவர், "ஏனுங் டாக்டரு, குளுருதுங்களா?" என்றார். ஏசியை அணைக்கச் சொன்னேன். ஜெசிந்தா அணைக்கப் போய்விட்டு அப்படியே திரும்பி வந்தாள். ஏசி ஓடிக்கொண்டிருக்கவில்லை.

ஊசியை அன்று போடவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

முட்டாள்தனம். நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் வருவதற்கு முன்னால் நாங்கள் கருவிகளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை சலவைச் சோடா போட்டுத்தான் கொதிக்க வைப்போம். துருப்பிடிக்காது. அந்தப் பழக்கத்தில் பானெட் கீற்றையும் சின்னத் துண்டுகளையும் பழைய கொதிகலத்தில் போட்டு, சோடாவையும் தாராளமாகக் கொட்டிவிட்டு, ஷெட்டைக் கூட்டப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அத்தனையும் கரி நிறம்.

சுகுணா எட்டிப் பார்த்தாள். ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"அலுமினியத்துக்குக் காரம் ஆகாதுங்க. ஒம்பதாங் கிளாஸ் புள்ளை சொல்லும்."

"நான் ஒம்பதாங் கிளாஸ்ல உன்னாட்ட டீச்சர்கிட்டப் படிக்கலை."

"படிச்சிருந்தா பாஸ் பண்ணியிருப்பீங்க."

கறுத்ததையெல்லாம் எலுமிச்சைச் சாறு விட்டுத் தேய்த்தேன். பாதி வெளுத்தது, மீதி உப்புத்தாளில் போகும். சேதம் பெரிதில்லை. அவள் சிரித்தது லாபம்.

செப்டம்பர் 7, சனி

விநாயகர் சதுர்த்தி. பூரணக் கொழுக்கட்டை. ஏலக்காய் போட மறந்துவிட்டாள் போல, வெறும் வெல்லக்கட்டியைத் தின்ற மாதிரி இருந்தது. சொன்னேன். "மறக்கலீங்க. தூக்கலாத்தான் போட்டிருக்கேன்," என்றாள். என்னோடு வாதம் செய்யாமல் இன்னொன்று எடுத்து வைத்தாள். வழக்கமாக வாதம் செய்வாள்.

செப்டம்பர் 10, செவ்வாய்

நசுங்கல் எடுக்கிறேன். மணல் மூட்டையின் மேல் பட்டையைக் கவிழ்த்துப் போட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியால் தட்ட வேண்டும். ஓங்கி ஓர் அடி அடித்தால் மறுபக்கம் கொப்புளம் கிளம்பிவிடும். செல்லமாக நூறு தட்டு தட்டினால் மெல்ல ஏறி வரும். தட்டுவதும், திருப்பி விரலால் தடவிப் பார்ப்பதும், மறுபடி தட்டுவதுமாக மத்தியானம் போனதே தெரியவில்லை.

ஒன்றை இங்கே தெளிவாக எழுதி வைக்கிறேன். வேலை செய்யும்போது கை சொன்னபடி கேட்கிறது. ஒரு தட்டுகூட இடம் மாறி விழவில்லை. சும்மா மடியில் கிடக்கும்போதுதான் அதற்கு வாலாட்டம். அப்படியானால் பழுது என்று எப்படிச் சொல்வது? சும்மா இருக்க விடாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று.

இந்த மாதிரிக் கைக்கு ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பல் டாக்டருக்கும் பொது மருத்துவம் நடத்தித்தான் அனுப்புகிறார்கள். பரீட்சையில் அந்தக் கேள்வியை நான் சாய்ஸில் விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 13, வெள்ளி

காபி சட்டையில். டம்ளர் சூடு.

செப்டம்பர் 16, திங்கள்

உப்புத்தாள் போடுகிறேன். சொரசொரப்புத் தாளில் தொடங்கி, நம்பர் ஏற ஏற நைஸ் தாளுக்கு வர வேண்டும். முந்தைய தாள் போட்ட கோடுகள் முழுக்க மறைந்த பிறகுதான் அடுத்ததற்குப் போகலாம். அவசரப்பட்டுத் தாண்டினால் கடைசியில் மினுக்கும்போது அந்தக் கோடுகள் பல்லிளித்துக்கொண்டு நிற்கும். தண்ணீர் தொட்டுத் தொட்டு நீளவாக்கில் தேய்க்கிறேன். கறுப்புக் குழம்பு முழங்கை வரை வழிகிறது. இடப்பக்கத்துப் பட்டைகள் முடிந்தன.

வாசலில் செருப்பை விட்டபோது சுகுணா குனிந்து வலது செருப்பை எடுத்துத் திருப்பினாள். முனை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதாம். "காலை இழுத்துட்டு நடக்கறீங்க." செருப்புக் கடைக்காரன் மட்டமான ரப்பர் போட்டிருக்கிறான் என்றேன். இரண்டு செருப்புக்கும் ஒரே ரப்பர்தானே என்று கேட்டாள். இதற்குத்தான் டீச்சரைக் கட்டிக்கொள்ளக் கூடாது.

செப்டம்பர் 20, வெள்ளி

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். எழுதுகிறேன்.

பல்செட்டுக்குப் பாலிஷ் போடும் மோட்டாரை கிளினிக்கிலிருந்து கொண்டுவந்து ஷெட்டில் மேஜைமேல் திருகாணி போட்டு முடுக்கியிருந்தேன். துணிச்சக்கரம் மாட்டியாயிற்று. பாலிஷ் கட்டியும் எடுத்து வைத்தாயிற்று. சுவிட்சில் விரல் வைக்கப் போகும்போது சுகுணா கொல்லையிலிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். ஈரத் துணியை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறாள். என்னைத் தள்ளிவிட்டு மெயினை இறக்கினாள்.

மேஜைக்கடியில் பெட்ரோல் கேன் சாய்ந்து கிடந்தது. தரையெல்லாம் பெட்ரோல். என் செருப்பே நனைந்திருந்தது. அந்தப் பழைய மோட்டாரில் பொறி பறக்கும், எனக்கே தெரியும்.

"துணி தொவைக்கற கல்லு வரைக்கும் நெடி தூக்குது. பக்கத்துல நிக்கறீங்க. தெரியலீங்களா?"

"சளி புடிச்சிருக்குது."

"எப்பப் புடிச்சுது?"

"நேத்து."

அவள் மணலை அள்ளிக் கொட்டினாள். நான் கேன் மூடியைத் தேடி எடுத்தேன். நான்தான் மூடியிருந்தேன். இறுக்கித்தான் மூடினேன் என்று நினைவு. அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த வீட்டில் இப்போது யாருக்கு நடுக்கம் என்று கேலி பேசலாமென்று வாயெடுத்து, பேசாமல் இருந்துவிட்டேன். பயந்துவிட்டேன். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

செப்டம்பர் 22, ஞாயிறு

பெட்ரோல் வாடை போகட்டும் என்று நேற்று ஷெட்டைத் திறந்து போட்டு வைத்தேன். இன்று சுகுணா ஒரு தட்டோடு வந்தாள். "சளி வாங்கிருச்சான்னு பாக்கலாம், மோந்து சொல்லுங்க," என்று முதலில் காபித்தூள் டப்பாவை நீட்டினாள். காபி என்றேன். அடுத்தது கிளினிக்கில் இருக்கும் பழுப்பு பாட்டில், ரப்பர்த் தலை போட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. "கிராம்புத் தைலம். இந்த வாசத்துலதானே இத்தனை வருசம் பொழப்பு ஓட்டறேன்?"

"சரிதானுங்க," என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சரியாகச் சொன்னதற்கு ஒரு சந்தோஷத்தைக் காணோம்.

சாயங்காலம் அவள் கடைக்குப் போயிருந்தபோது அந்த பாட்டிலை எடுத்து விரலில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். பிசுக்கு இல்லை.

தண்ணீர்.

செப்டம்பர் 23, திங்கள்

ஆயிரம் நம்பர் தாள். நாள் முழுக்க.

செப்டம்பர் 24, செவ்வாய்

ஆயிரம் நம்பர் தாள். சுகுணாவிடம் அதிகம் பேசவில்லை. அவளும்தான். சாப்பாட்டில் உப்பு, புளி, உறைப்பு மூன்றும் தெரிகின்றன. அது போதும் ஒரு மனிதனுக்கு.

செப்டம்பர் 27, வெள்ளி

இடப்பக்கம் முழுக்க மினுக்கி முடித்தேன். சக்கரத்தில் பழுப்புக் கட்டியைக் காட்டி ஒரு சுற்று, பிறகு வேறு சக்கரத்தில் வெள்ளைக் கட்டி. சாம்பல் போய், பால் நிறம் போய், திடீரென்று ஒரு கணத்தில் உள்ளேயிருந்து வெளிச்சம் வருகிறது. அந்தக் கணத்துக்காகத்தான் இத்தனை பாடும்.

பிறகு வலப்பக்கத்தில் ஓட்டுநர் கதவுப் பட்டை. இருப்பதில் நீளமானது, ஒரு குறையும் இல்லாதது. சக்கரத்தில் பிடிக்கும்போது பட்டையின் விளிம்பை அதற்கு எதிராகக் காட்டவே கூடாது, காட்டினால் சக்கரம் பிடுங்கிக்கொள்ளும். தெரியும். பிடுங்கிய நொடியில் விட்டுவிட வேண்டும். அதுவும் தெரியும். இடது கை விட்டது. வலது கையை விடச் சொன்னேன், அது விடவில்லை. சொன்னது அதன் காதில் விழ நேரம் பிடித்தது.

பட்டை நடுவில் மடிந்து மேஜைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. உள்ளங்கையில் வெட்டு, ஆழமில்லை. கரண்ட் ஏறி இறங்கியதுதான் காரணம்.

சுகுணா கட்டுப் போட்டாள். மடிந்த பட்டையைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டு, "தோத்துட்டேன்னு சொல்லு," என்றேன்.

"நான் என்னத்தைக் கண்டேன்? நான் சமையக்கட்டுல இருந்தேன்."

"இப்பப் பாத்தயல்ல?"

"கண்ணாடி போடலீங்க," என்றாள். கண்ணாடி அவள் மூக்கின்மேல் இருந்தது.

கோபம் வந்தது. தோற்றவனுக்கு விட்டுக்கொடுக்கிறார்களே, அதைப்போல் எரிச்சலூட்டுவது வேறில்லை. ஆயுத பூஜை இன்னும் வரவில்லை, பந்தயமும் முடியவில்லை என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 2, புதன்

மகாளய அமாவாசை. அப்பாவுக்குப் படைத்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஷெட்டுக்கு வந்தேன்.

மடிந்த அலுமினியத்தை அப்படியே நிமிர்த்தினால் மடிப்பில் ஒடிந்துவிடும். முதலில் இளக்க வேண்டும். ஆனால் அலுமினியம் இரும்பைப் போலச் சிவந்து காட்டாது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகிச் சொட்டிவிடும். அதற்கு ஒரு வழி உண்டு. மடிப்பின் மேல் துணிச் சோப்பைத் தேய்த்துவிட்டுத் தீயைக் காட்ட வேண்டும். சோப்பு கறுத்ததும் நிறுத்திவிட வேண்டும். பல்செட் வேலைக்கு வைத்திருந்த தீக்குழாயைக் கொண்டு கறுக்கும்வரை காட்டினேன். ஆறியதும் பட்டை கிட்டத்தட்ட ஈயத்தகடு போல வளைந்து கொடுத்தது.

மரக்கட்டை வைத்து ஓரளவு நிமிர்த்தினேன். அவசரமில்லை. எனக்கு ஆயுத பூஜை வரை நேரம் இருக்கிறது, வீம்பும் இருக்கிறது.

அக்டோபர் 6, ஞாயிறு

மூன்று நாளாக அதே பட்டைதான். தட்டு, தடவு, தட்டு. மடிப்பு இருந்த இடம் இப்போது விரலுக்கு மட்டும் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்கும் தெரியக் கூடாது.

சுகுணா மேஜைமேல் திறந்து கிடந்த இந்த டைரியைக் கடந்து போகும்போது, "என்னங்க இது, எறும்பு ஊர்ற மாதிரி எழுதியிருக்கீங்க?" என்றாள். புதுப் பேனா, முனை மெல்லிசு என்றேன். ஒரு பக்கத்தில் நிறைய எழுத முடிகிறது, காகிதம் மிச்சம்.

அவள் போன பிறகு ஜனவரிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் பிடித்திருக்கிறது. கொழுத்த எழுத்து. அதே பேனா.

இந்த வரியைப் பெரிதாக எழுத வேண்டும் என்று தொடங்கினேன். "இந்த" பெரிதாகத்தான் இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

ஏற்றிவிட்டேன். அத்தனையும்.

வலப்பக்கத்துப் பட்டைதான் கடைசி. நீளமானதால் ஒருவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் மறுமுனையிலிருந்து கிளிப்பில் அமுக்கி வர வேண்டும். சுகுணா ஷெட் வாசலில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு அப்படி நிக்கற?"

"கை பட்ரக் கூடாதுன்னுதானுங்க."

துணிப்பட்டையால் ஒரு முனையைக் கதவோடு சேர்த்துக் கட்டினேன். மறுமுனையைத் தோளால் தாங்கிக்கொண்டு, இடது கட்டைவிரலால் ஒவ்வொரு கிளிப்பாக அமுக்கினேன். டக், டக் என்று உட்கார்ந்து வந்தது. நடுவில் ஒன்று முரண்டு பிடித்தது. வலது கையை அதன்மேல் வைத்து, அதன்மேல் இடது கையை வைத்து அமுக்கினேன். சுகுணா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. உட்கார்ந்துவிட்டது.

வெயில் படும்படி வண்டியை வெளியே தள்ளினோம். தள்ளுவதற்குக் கை பட்டால் பரவாயில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அந்தப் பட்டையில் மடிப்பு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. ஜெயித்துவிட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் குனிந்து, பட்டையில் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

அதில் தெரிந்த ஆள் சிரிக்கவில்லை. வளைந்த உலோகத்தில் முகம் கோணலாகத்தான் தெரியும் என்று தட்டையான இடத்தில் பார்த்தேன். கன்னம் நன்றாக ஏறும்படி, பல் தெரிய, இன்னும் பலமாகச் சிரித்தேன். அந்த ஆள் யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவன் போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற சுகுணாவின் முகமும் பட்டையில் தெரிந்தது. அவள் முகத்தில் எல்லாமே தெரிந்தது.

இவ்வளவு நன்றாக மினுக்கியிருக்க வேண்டாம்.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி

நேற்று எழுதவில்லை. புத்தகங்களோடு சேர்த்து டைரியையும் பூஜையில் வைத்துவிட்டாள். சரஸ்வதி பூஜையன்று எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது. இன்று காலை டைரியைத் திருப்பிக் கொடுக்கும்போது கூடவே பள்ளிப் பிள்ளைகளுக்கான இரட்டைக்கோடு நோட்டு ஒன்றையும் கொடுத்தாள். "மேல் கோடும் கீழ்க் கோடும் தொட்டு எழுதோணும்," என்றாள். அதில்தான் இதை எழுதுகிறேன். முடிந்த அளவு தொடுகிறது.

நேற்று நடந்தது. ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு ஜெசிந்தாதான் கிளினிக்கைக் கழுவி, கருவிகளைத் துடைத்து, சிவப்புத் துணியில் வரிசையாக அடுக்கி வைப்பாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனால் குறட்டின் மூக்கில் வழியாமல் சந்தனப் பொட்டு வைக்க அவளை மிஞ்ச ஆளில்லை. இந்த வருடம் பூஜை ஷெட்டில் என்று சொல்லியிருந்தேன். பொரிகடலை, பூசணிக்காய் எல்லாம் தயார். நானே முன்னால் உட்கார்ந்து மோட்டாரை வைத்தேன். சுத்தி, அரங்கள், மணல் மூட்டை, தீக்குழாய், மிச்சமிருந்த பாலிஷ் கட்டிகள்.

ஜெசிந்தா கிளினிக் பெட்டியைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள். பல் பிடுங்கும் குறடுகளும் ஊசிக்குழலும் இருக்கிற பெட்டி. "எடுத்து அடுக்கட்டுங்களா சார்?"

"வேண்டாம் ஜெசிந்தா. அது பொட்டியிலயே இருக்கட்டும்."

"வருசா வருசம் வெக்கறதுதானுங்களே?"

"பூசைக்கு வெச்சா மக்யா நாள், விஜயதசமிக்கு, எடுத்துத் தொழில் பண்ணோணும். நான் எடுக்கப் போறதில்லை."

வண்டிக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்த சுகுணாவின் கை நின்றுவிட்டது.

ஜெசிந்தா பெட்டியின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொன்னேன். கிளினிக்கை மூடப் போவதில்லை, ஊசி போடவும் பல் எடுக்கவும் ஓர் இளம் டாக்டரைத் தேடுவோம், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாயைப் பார்த்துச் சொல்கிறேன், வாய் பார்ப்பதற்குக் கண் போதும். அது என் தொழில். அந்தக் குறடுகளின் கனம் என் கைக்குத் தெரியும். மடிந்த பட்டையை நிமிர்த்த எனக்கு நாட்கள் இருந்தன. ஒருத்தர் வாய்க்குள் அந்தப் பட்டையின் இடத்தில் ஈறும் நாக்கும் இருக்கும். அவர்களுக்குச் சோப்பைத் தேய்த்துத் தீயைக் காட்டி நிமிர்த்த முடியாது.

"பாவமுங்க சார், அந்தம்மா அதுக்கப்பறம் ரெண்டு வாட்டி வந்து உங்களைக் கேட்டாங்க. டாக்டருக்குக் குளுரு தேவலையான்னு," என்றாள் ஜெசிந்தா. அழுதுவிட்டாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், சாம்பிராணிப் புகை என்று சொல்லத் தோன்றவில்லை.

அவள் போன பிறகு சுகுணா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பந்தயத்துல நீங்கதான் ஜெயிச்சீங்க. நான் அந்தப் பேச்சை எடுக்க மாட்டனுங்க. சொன்னா சொன்னதுதான்."

"நீ எடுக்கக் கூடாதுன்னுதான் பந்தயம். நான் எடுக்கக் கூடாதுன்னு யாரு சொன்னது? திங்கக்கெழமைக்கு அந்த டாக்டர்கிட்ட நேரம் கேளு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்பவோ வாங்கி வெச்சிட்டனுங்க," என்றாள்.

வண்டியை எடுக்க வேண்டும் இல்லையா, பூஜை போட்டாயிற்று. நான்கு சக்கரத்தடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சாவியை அவளிடம் கொடுத்தேன். எங்களுடைய இன்னொரு காரை அவள்தான் ஓட்டுவாள், ஆனால் ஃபியட்டைத் தொட நான் விட்டதில்லை. கியரை எங்கே போட வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிட்டு எட்டி நின்றேன். ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு வண்டி நகர்ந்தது. நான்கு பழமும் பட்பட்டென்று நசுங்கின. அவள் இறங்கி வந்தாள்.

நசுங்கிய பழத்தில் ஒன்றை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். ஈரம் மட்டும் தெரிந்தது.

"எனக்கு வாசம் தெரியறதில்லை சுகுணா. ரொம்ப நாளா."

"தெரியுமுங்க."

"பாட்டல்ல தண்ணி ஊத்துனதும் எனக்குத் தெரியும்."

"அதும் தெரியுமுங்க. மூடியை மாத்தி வெச்சிருந்தீங்க."

பழத்தை அவளிடம் நீட்டினேன். "எப்புடி இருக்குதுன்னு சொல்லு."

அவள் வாங்கி மோந்து பார்த்தாள். பாடம் நடத்தியவள், ஒன்றைச் சொன்னால் சரியாகச் சொல்ல வேண்டும் அவளுக்கு. யோசித்தாள். "தோல் வாசந்தான் முன்னால வருது, சாறு பின்னாலதான். கொஞ்சம் டயர் ரப்பரும் இருக்குது. மழைக்கு முன்னாடி நம்ம கொல்லை மண்ணு ஒரு வாசம் அடிக்குமே, அதுவும் லேசா."

"போதும். தெரிஞ்சுது," என்றேன். உண்மையாகவே கொஞ்சம் தெரிந்தது.

அக்டோபர் 14, திங்கள்

கோயம்புத்தூர் வரை ஃபியட்டைச் சுகுணாதான் ஓட்டினாள். நான் இடப்பக்கம் உட்கார்ந்து, மூன்றாவது கியர் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தேன். கிணத்துக்கடவு சிக்னலில் பைக்கில் நின்ற ஒருவர் குனிந்து, அவள் பக்கத்துக் கதவுப் பட்டையில் தலை சீவிக்கொண்டார். இருவரும் பார்த்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது.

டாக்டர் சின்ன வயசுக்காரர். என்ன தொந்தரவு என்று கேட்டார். சுகுணா வாயைத் திறக்கவில்லை. கையைக் காட்டச் சொன்னார். எந்தக் கை என்று அவர் சொல்லவில்லை.

பையிலிருந்து வலது கையை எடுத்து அவருடைய மேஜைமேல் வைத்தேன். அது ஆடியது. ஆடட்டும் என்று விட்டுவிட்டேன்.